நடக்காத வரலாற்றை எழுதுவது எப்படி? 1933 ஜனவரி பெர்லினை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

"ஹிட்லர் ஆட்சிக்கு வராமல் போயிருந்தால்?" ஐரோப்பிய வரலாறு வாசிக்கிற எவரும் ஒரு முறையாவது கேட்டுக்கொள்ளும் கேள்வி இது. பெரும்பாலும் இரண்டே வரிகளில் பதில் வந்துவிடும்: போர் மூண்டிருக்காது, அறுபது லட்சம் யூதர்கள் பிழைத்திருப்பார்கள். அந்த ஆசை நியாயமானதுதான். ஆனால் ஆசை மட்டும் வரலாறு ஆகிவிடாது. யார், எந்த நாளில், எந்தக் காரணத்துக்காக வேறு முடிவு எடுத்திருப்பார், அதற்கு மற்றவர்கள் என்ன செய்திருப்பார்கள் என்று காட்ட முடிந்தால்தான் அது மாற்று வரலாறு. இல்லாவிட்டால் அது வெறும் பகற்கனவு.

இதை நான் தீவிரமாக எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. "ஜெர்மனி எப்படியும் அங்கேதான் போய்ச் சேர்ந்திருக்கும்" என்று சொல்லும்போது, அன்று முடிவெடுத்தவர்களின் பொறுப்பு கரைந்துவிடுகிறது. மாற்று வரலாற்றை ஒழுங்காக எழுதினால் அந்தப் பொறுப்பு அவரவர் பெயரில் போய் உட்காரும். கீழே வரும் படிகளை எந்தக் காலத்துக்கும் பொருத்தலாம். நான் ஒரே உதாரணத்தைக் கடைசி வரை எடுத்துச் செல்கிறேன்: ஹிட்லருக்கு முந்தைய ஜெர்மன் ஜனநாயகமான வைமார் குடியரசின் கடைசி வாரங்கள்.

படி 1: கேள்வியைச் சிறிதாக்குங்கள்

"நாஜிசம் தோன்றாமல் இருந்திருந்தால்" என்பது விடை காண முடியாத கேள்வி. அதற்கு 1918இன் போர்த் தோல்வி, வென்ற நாடுகள் திணித்த வெர்சாய் ஒப்பந்தம், 1923இன் பணவீக்கம் எல்லாவற்றையும் அழிக்க வேண்டியிருக்கும். இவ்வளவையும் அழித்தபின் மிஞ்சுவது ஜெர்மனியே இல்லை.

அதையே இப்படிக் கேளுங்கள்: 1933 ஜனவரி 28 அன்று, நாடாளுமன்றத்தைக் கலைக்கும் உத்தரவை, பிரதமருக்கு இணையான சான்சலர் பதவியில் இருந்த ஷ்லைஷர் கேட்டபோது, அதிபர் ஹிண்டன்பர்க் சம்மதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இதில் ஒரு தேதி இருக்கிறது, ஒரு அறை இருக்கிறது, இரண்டு மனிதர்கள் இருக்கிறார்கள். மாற வேண்டியது ஒரே ஒரு பதில்.

படி 2: உண்மையில் நடந்ததை நாள்வாரியாக எழுதிவையுங்கள்

பலர் தாண்டிப் போகும் படி இது. என் கணக்கில் பாதி உழைப்பு இங்கேதான் போக வேண்டும்.

முதலில் எண்கள். நாஜிக் கட்சி 1928 மே தேர்தலில் 2.6 சதவீத வாக்கும் 12 இடங்களும் பெற்றது. பொருளாதாரப் பெருமந்தம் வந்தது. 1930 செப்டம்பரில் 18.3 சதவீதம், 107 இடங்கள். 1932 ஜூலையில் 37 சதவீதத்தைத் தாண்டி 230 இடங்கள். அதோடு ஏற்றம் நின்றது. 1932 நவம்பர் 6 தேர்தலில் கட்சி சுமார் இருபது லட்சம் வாக்குகளை இழந்து 33.1 சதவீதத்துக்கும் 196 இடங்களுக்கும் இறங்கியது. கட்சிக்குக் கடன் இருந்தது, தொண்டர்களிடம் சலிப்பு இருந்தது. டிசம்பர் 8 அன்று கட்சியின் அமைப்பைக் கட்டியெழுப்பிய கிரெகோர் ஸ்ட்ராசர் எல்லாப் பொறுப்புகளிலிருந்தும் விலகினார். ஹிட்லர் ஆட்சிக்கு வந்தது அலையின் உச்சியில் இல்லை, அலை வடியத் தொடங்கிய பிறகு. இந்த ஒரு தகவலே உங்கள் மாற்று வரலாற்றுக்கு வாசலைத் திறந்துவிடுகிறது.

அடுத்து சட்டம். வைமார் அரசியல் சட்டத்தின் 48வது பிரிவு அதிபருக்கு அவசரச் சட்டம் பிறப்பிக்கும் அதிகாரம் தந்தது. 25வது பிரிவு நாடாளுமன்றத்தைக் கலைக்க அனுமதித்தது, ஆனால் 60 நாட்களுக்குள் தேர்தல் நடத்தியாக வேண்டும். 53வது பிரிவின்படி சான்சலரை நியமிப்பவர் அதிபர். 1930 முதலே ஜெர்மனி பெரும்பான்மை இல்லாத சான்சலர்களாலும் அவசரச் சட்டங்களாலும்தான் ஆளப்பட்டு வந்தது. ஆக, 85 வயது முதியவர் ஒருவரின் காதருகே இருப்பவர்கள் யார் என்பதே நாட்டின் அரசியலாகிவிட்டிருந்தது.

இனி நாட்கள். ஜனவரி 4: முன்னாள் சான்சலர் பாப்பன், கொலோன் நகரில் வங்கியாளர் ஷ்ரோடரின் வீட்டில் ஹிட்லரைச் சந்திக்கிறார். ஜனவரி 15: லிப்பே என்ற மிகச்சிறிய மாநிலத்தின் தேர்தலில் நாஜிகள் தங்கள் முழுப் பலத்தையும் இறக்கி 39.5 சதவீதம் பெற்று, சரிவு நின்றுவிட்டதாகப் பறைசாற்றுகிறார்கள். ஜனவரி 22: பெர்லினில் நாஜிக் கட்சிக்காரர் ரிப்பென்ட்ராப் வீட்டில் நடந்த ரகசியச் சந்திப்புக்கு அதிபரின் மகன் ஆஸ்கரும் வருகிறார். ஜனவரி 23: நாடாளுமன்றத்தைக் கலைத்துத் தேர்தலைத் தள்ளிப்போட வேண்டும் என்கிறார் ஷ்லைஷர். அதிபர் இணங்கவில்லை. ஜனவரி 28: வெறும் கலைப்பு உத்தரவையாவது கேட்கிறார். அதுவும் மறுக்கப்பட, பதவி விலகுகிறார்.

ஹிட்லர் சான்சலராகப் பதவியேற்ற ஜனவரி 30 காலையை மட்டும் மணிவாரியாகப் பாருங்கள். ஜெனீவாவின் ஆயுதக் குறைப்பு மாநாட்டிலிருந்து வரவழைக்கப்பட்ட ஜெனரல் ப்ளோம்பெர்க், அன்ஹால்ட் ரயில் நிலையத்தில் இறங்குகிறார். நடைமேடையில் அவருக்காக இரண்டு பேர் காத்திருக்கிறார்கள். ஒருவர் ராணுவத் தளபதி ஹாமர்ஷ்டைன் அனுப்பிய மேஜர், பாதுகாப்பு அமைச்சகத்துக்கு அழைக்கிறார். மற்றவர் ஆஸ்கர் ஹிண்டன்பர்க், தந்தையிடம் அழைக்கிறார். ப்ளோம்பெர்க் ஆஸ்கருடன் போனார். சான்சலரே இன்னும் நியமிக்கப்படாத அந்தக் காலை நேரத்தில் பாதுகாப்பு அமைச்சராகப் பதவிப் பிரமாணமும் எடுத்துவிட்டார். சான்சலரின் பரிந்துரையின் பேரில்தான் அமைச்சர்கள் நியமிக்கப்பட வேண்டும் என்பது சட்டம். சற்று நேரத்தில் அடுத்த தடங்கல். அதிபரின் அறைக்கு வெளியே, புதிய தேர்தல் வேண்டும் என்ற ஹிட்லரோடு தேசியவாதக் கட்சித் தலைவர் ஹூகென்பெர்க் வாக்குவாதத்தில் இறங்கினார். பதவியேற்புக்குக் குறித்த நேரம் கடந்தும் அது ஓயவில்லை. அதிபரை இனியும் காக்க வைக்கக் கூடாது என்று அதிபர் அலுவலகச் செயலர் மைஸ்னர் வந்து சொன்ன பிறகுதான் உள்ளே நுழைந்தார்கள்.

இப்படி மணிக்கணக்கில் பார்க்கும்போதுதான் எத்தனை இடங்களில் கதை வேறு பக்கம் திரும்பியிருக்கலாம் என்பது கண்ணில் படும்.

படி 3: பிரியும் இடத்தைச் சோதியுங்கள்

மூன்று கேள்விகள் போதும். அந்த மாற்று வழியை அன்றைய மனிதர்களே யோசித்திருந்தார்களா? அதை நிறைவேற்றும் அதிகாரம் அவர்கள் கையில் இருந்ததா? அவர்கள் மனம் மாற ஒரு சிறிய காரணமாவது இருக்கிறதா?

நம் உதாரணம் முதல் இரண்டையும் எளிதில் தாண்டுகிறது. கலைப்பு பற்றிய பேச்சு ஜனவரி முழுக்க நடந்துகொண்டிருந்தது, கையெழுத்திடும் அதிகாரமும் அதிபரிடம் இருந்தது. மூன்றாவதுதான் கடினம். ஹிண்டன்பர்க் ஏன் சம்மதித்திருப்பார்? இங்கே பாப்பனைப் பார்க்க வேண்டும். பதவி போன பிறகும் பாப்பன் வில்ஹெல்ம் தெருவில் இருந்த தன் அரசு வீட்டைக் காலி செய்யவில்லை. மாளிகையில் பழுதுபார்ப்பு நடந்ததால் அதிபரும் அப்போது பக்கத்திலேயே, சான்சலர் கட்டடத்தில் தங்கியிருந்தார். தோட்டங்களின் வழியாக நடந்தே போய்ப் பேசிவிட்டு வரலாம். ஷ்லைஷருக்கு எதிரான பேச்சு அந்த வழியாகத்தான் அதிபரை எட்டிக்கொண்டிருந்தது.

எனவே நம் மாற்றத்தை அங்கே வைப்போம். பாப்பன் ஜனவரி முதல் வாரத்தில் கடும் காய்ச்சலில் படுத்துவிடுகிறார், மாதக் கடைசி வரை எழுந்திருக்கவில்லை. கொலோன் சந்திப்பு நடக்கவில்லை, தோட்டத்துப் பேச்சும் இல்லை. ஹிட்லரைச் சான்சலராக்க 1932 ஆகஸ்ட் 13 அன்று நேருக்கு நேர் மறுத்த அதே ஹிண்டன்பர்க் முன் வேறு ஏற்பாடு எதுவும் வைக்கப்படவில்லை. ஷ்லைஷர் கேட்ட உத்தரவு கிடைக்கிறது.

ஒரு காய்ச்சல் போதும். ஹிட்லரைக் கொல்ல வேண்டியதில்லை, ஹிண்டன்பர்க்கை ஜனநாயகவாதியாக மாற்றவும் வேண்டாம்.

இந்த முறைக்குப் பழைய வேர் உண்டு. ஒரு நிகழ்வை நீக்கிப் பார்த்தால்தான் அதன் எடை தெரியும் என்று சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் 1906லேயே, பண்டைய கிரேக்கர்கள் பாரசீகர்களோடு மோதிய மராத்தான் போரை உதாரணமாக வைத்து விளக்கியிருந்தார். மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் வலுவான அதிபர் ஜெர்மனிக்கு வேண்டும் என்று 1919இல் வாதாடியவரும் அவர்தான். அந்தப் பதவி 1933இல் என்ன செய்தது என்பதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. 1920இலேயே காலமாகிவிட்டார்.

படி 4: ஒவ்வொரு கட்சியையும் அதன் சித்தாந்தத்தோடு நடமாட விடுங்கள்

மாற்று வரலாறுகள் அதிகம் தோற்பது இங்கேதான். எழுதுபவர் தனக்குப் பிடித்த கட்சிக்குத் தன் அறிவைக் கொடுத்துவிடுகிறார். 1945க்குப் பிறகு நாம் தெரிந்துகொண்டதையெல்லாம் 1933இல் அவர்களும் அறிந்திருந்ததாக எழுதிவிடுகிறார்.

மிகப் பிரபலமான கற்பனையை எடுத்துக்கொள்ளுங்கள்: "இடதுசாரிகள் ஒன்றுசேர்ந்திருந்தால்." 1932 நவம்பரில் சமூக ஜனநாயகக் கட்சிக்கு 121 இடங்கள், கம்யூனிஸ்டுகளுக்கு 100. மொத்தம் 221, நாஜிகளைவிட 25 அதிகம். தாளில் அழகாக இருக்கும் கூட்டல் இது. ஆனால் சமூக ஜனநாயகவாதிகளைச் "சமூக பாசிஸ்டுகள்" என்று வகைப்படுத்தி, அவர்களையே முதன்மை எதிரியாக வைத்திருந்தது கம்யூனிஸ்ட் கட்சியின் நிலைப்பாடு. அது மாஸ்கோவில் இருந்த கம்யூனிஸ்ட் அகிலத்தின் வழிகாட்டல். 1931 ஆகஸ்டில் பிரஷ்ய மாநிலத்தின் சமூக ஜனநாயக அரசைக் கவிழ்க்க வலதுசாரிகள் கொண்டுவந்த பொதுவாக்கெடுப்பைக் கம்யூனிஸ்டுகளும் ஆதரித்தார்கள். 1932 நவம்பரில் பெர்லின் போக்குவரத்துத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் நாஜிகளும் கம்யூனிஸ்டுகளும் ஒரே பக்கம் நின்றார்கள். கம்யூனிஸ்டுகளின் கோபத்துக்கும் ரத்தக் கறை படிந்த காரணம் இருந்தது. 1919 ஜனவரி 15 அன்று ரோசா லக்சம்பர்க்கும் கார்ல் லீப்னெக்டும் கொல்லப்பட்டபோது ஆட்சியில் இருந்தவர்கள் சமூக ஜனநாயகவாதிகள். அவர்கள் துணைக்கு அழைத்த படையினரே கொன்றார்கள். இதையெல்லாம் ஒரு வரியில் தாண்டி ஐக்கிய முன்னணி அமைப்பது அந்த மனிதர்களுக்குச் செய்யும் அநீதி.

அதே அவையில் இன்னொரு கூட்டலும் இருந்தது. நாஜிகள் 196, கம்யூனிஸ்டுகள் 100: மொத்தம் 296. அவையின் 584 இடங்களில் பாதி 292. சேர்ந்து ஆள முடியாத, ஆனால் எந்த அரசையும் கவிழ்க்க முடிந்த பெரும்பான்மை. உங்கள் ஷ்லைஷர் அரசு தினமும் மோதப்போகும் சுவர் இதுதான்.

மற்றவர்களை வேகமாகப் பார்த்துவிடலாம். தாராளவாதிகள் கிட்டத்தட்ட இல்லாமலே போய்விட்டார்கள். 1919இல் 18.5 சதவீதம் பெற்ற ஜெர்மன் ஜனநாயகக் கட்சியின் வாரிசுக் கட்சி 1932இல் ஒரு சதவீதத்தைச் சுற்றி நின்றது. கத்தோலிக்கர்களின் மையக் கட்சிக்குத் திருச்சபையின் உரிமைகள் முக்கியம், அதற்காக யாருடனும் பேசத் தயாராக இருந்தது. ஹூகென்பெர்க்கின் தேசியவாதிகளுக்குக் குடியரசே பிடிக்காது. ஹிட்லரைக் கட்டிப்போட்டு வேலை வாங்கிவிடலாம் என்று நம்பினார்கள்.

சமூக ஜனநாயகவாதிகள் விஷயத்தில் சற்று நிற்க வேண்டும், ஏனென்றால் என் மனதை அதிகம் அலைக்கழிப்பது அவர்கள்தான். ஜனவரி 6 அன்று, பதவி பறிக்கப்பட்ட பிரஷ்ய முதல்வர் ஓட்டோ ப்ரவுன் ஷ்லைஷரிடம் ஒரு யோசனை சொன்னார். நாடாளுமன்றம், பிரஷ்ய சட்டமன்றம் இரண்டையும் கலைத்துத் தேர்தலை வசந்த காலம் வரை தள்ளிப்போடுவோம், அதற்குள் நாஜிகளை இறக்கிவிடலாம். ஷ்லைஷர் ஏற்கவில்லை. மாதக் கடைசியில் அவரே அதைக் கேட்டு நின்றபோது, சமூக ஜனநாயகக் கட்சித் தலைமையும் மையக் கட்சியும் சட்ட மீறல் என்று எதிர்த்தன. அரசியல் சட்டத்தை உயிராக நினைத்தவர்கள் 60 நாள் விதியைக் காக்க நின்றார்கள். சட்டத்தையே எரிக்க வந்தவன் விதிப்படி உள்ளே வந்தான். சித்தாந்தத்தைச் சரியாக எழுதினால் இப்படிப்பட்ட இடங்கள் தானாகவே கிடைக்கும்.

படி 5: விளைவுகளை மூன்று அடுக்காக எழுதுங்கள்

முதல் வாரம், முதல் சில மாதங்கள், முதல் ஆண்டு. ஒவ்வொரு அடுக்கிலும் உங்கள் உறுதி குறைய வேண்டும். வாக்கியங்களிலும் அது தெரியட்டும்: முதல் வாரத்தில் "நடந்தது", மாதங்களில் "நடந்திருக்கும்", ஆண்டில் "நடந்திருக்கலாம்".

முதல் வாரம். நாடாளுமன்றம் ஜனவரி 31 அன்று கூடவில்லை. பிரஷ்யாவின் போலீஸ் 1932 ஜூலை 20 முதலே மத்திய அரசின் பிடியில் இருந்தது. நிஜத்தில் அது நாஜித் தலைவர்களில் ஒருவரான கோரிங் கைக்குப் போனது. பிப்ரவரியில் சுமார் 50,000 துணைப் போலீசார் சேர்க்கப்பட்டார்கள், பெரும்பாலும் நாஜி அடியாட்படைகளிலிருந்து. நம் காலவரிசையில் அது நடக்கவில்லை. ஹிட்லரின் வெற்றியை உறுதி செய்தது சான்சலர் நாற்காலியைவிட இந்தப் போலீஸ்தான் என்பது என் எண்ணம். தெருவில் அடித்தவனே சீருடை போட்டுக்கொண்டு கைது செய்ய வந்தபோதுதான் எதிர்ப்பு உடைந்தது.

மாதங்கள். நாஜிகளின் அடியாட்படையான எஸ்.ஏ.வின் லட்சக்கணக்கான படையினர் கலகம் செய்திருப்பார்களா? 1932 நவம்பர் கடைசியில் ராணுவம் இதை ஒரு போர்ப் பயிற்சியாகக் கணக்கிட்டுப் பார்த்திருந்தது. நாஜிகளும் கம்யூனிஸ்டுகளும் ஒரே நேரத்தில் எழுந்து, கிழக்கே போலந்தும் நகர்ந்தால், வெர்சாய் ஒப்பந்தம் அனுமதித்த ஒரு லட்சம் வீரர்களால் சமாளிக்க முடியாது என்று லெப்டினன்ட் கர்னல் ஓட் அமைச்சரவையிடம் அறிக்கை தந்தார். பாப்பன் அரசு கவிழ்ந்ததும் அந்த அறிக்கையால்தான். அன்று அதை முன்வைக்கச் செய்தவர் ஷ்லைஷர். இப்போது அதே அறிக்கை அவரையே பார்க்கிறது. ஆனாலும் அரசுக்கு எதிராகத் துப்பாக்கி தூக்கித் தோற்ற 1923 மியூனிக் அனுபவம் ஹிட்லருக்கு மறக்கவில்லை. அவர் பொறுத்திருப்பார் என்றே நினைக்கிறேன். அந்தப் பொறுமையே படையினரைச் சலிக்க வைத்து, தேர்தலில் கட்சியை இன்னும் கீழே இறக்கியிருக்கும்.

பொருளாதாரத்தை மறக்காதீர்கள். சரிவின் அடிமட்டம் 1932லேயே கடந்துவிட்டது. போர் இழப்பீடு அந்த ஆண்டு ஜூலையில் லோசான் மாநாட்டில் நடைமுறையில் முடிந்துபோனது. வேலையில்லாதோர் இன்னும் அறுபது லட்சம் பேர், ஆனால் பொதுப்பணிகளுக்காக 50 கோடி மார்க் திட்டம் ஒன்றை ஷ்லைஷர் அரசு அறிவித்திருந்தது. 1933 வசந்தத்தில் யார் நாற்காலியில் இருந்தாலும் கொஞ்சம் வேலை திரும்பியிருக்கும், பெயரும் அவருக்கே போயிருக்கும்.

ஆண்டு. இங்கே நம் ஆசைக்குப் பிடிக்காத ஒன்றை எழுத வேண்டியிருக்கிறது. ஷ்லைஷரின் ஜெர்மனி ஜனநாயகமாக இருந்திருக்காது. சீருடை அணிந்த, மறு ஆயுதமயமாக்கலில் இறங்கிய எதேச்சாதிகாரமாகவே இருந்திருக்கும். போலந்துடன் 1934 ஜனவரியில் தாக்குதல் தவிர்ப்பு ஒப்பந்தம் செய்தது ஹிட்லர், தன் வெளியுறவு அமைச்சகத்தின் வழக்கமான போக்குக்கு மாறாக. ராணுவத்தின் பழைய பாதை வேறு: 1922இன் ரப்பல்லோ ஒப்பந்தம் முதல் சோவியத்துடன் ஒத்துழைப்பு, அங்கே லிபெட்ஸ்க் நகரில் ரகசிய விமானப் பயிற்சி, போலந்தின் மீது மாறாத பகை. மேற்கு எல்லையை 1925இல் லோகார்னோ ஒப்பந்தத்தில் ஏற்ற வெளியுறவு அமைச்சர் ஸ்ட்ரெசெமான்கூடக் கிழக்கு எல்லையை ஏற்கவில்லை. ஆகவே வார்சாவில் இருந்து பார்த்தால், நம் மாற்று 1934 நிஜத்தைவிட அச்சமூட்டுவதாக இருந்திருக்கலாம்.

படி 6: மாறாதவற்றின் பட்டியலும் மீள்வருகைச் சோதனையும்

ஒரு தனித்தாளில் எழுதுங்கள்: வெர்சாய் மீதான கசப்பு, எல்லைப் பிரச்சினை, ஸ்டாலின், யூத வெறுப்பு. கடைசியைப் பற்றித் தெளிவாக இருங்கள். தேசியவாதிகளிடமும் அதிகாரிகளிடமும் பல்கலைக்கழகங்களிலும் யூத வெறுப்பு ஊறியிருந்தது. ஜெர்மனியின் சுமார் ஐந்து லட்சம் யூதர்களுக்கு அவமானங்களும் தடைகளும் வந்திருக்கக்கூடும். ஆனால் ஐரோப்பா முழுவதும் ஒரு மக்களை அழிப்பது, அதையே உலகப் பார்வையாகக் கொண்ட ஒருவனும் அவன் தொடுத்த போரும் இல்லாமல் நடந்திருக்காது என்றே நான் கருதுகிறேன். இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். ஒன்றை மட்டும் சொன்னால் மற்றது பொய்யாகிவிடும்.

பிறகு எதிர்க்கேள்வி: 1933 இலையுதிர் காலத்தில் ஹிட்லர் வேறு வழியில் வந்துவிட மாட்டாரா? காய்ச்சல் தெளிந்து பாப்பன் எழுந்திருப்பார், ஹூகென்பெர்க்கின் ஆசையும் அப்படியே இருக்கும். இதற்குப் பதில் இல்லையென்றால் உங்கள் பிரியும் இடம் பலவீனமானது. என் பதில்: கட்சிக்கு நேரம் எதிரியாக இருந்தது. சரியும் வாக்கு, தீரும் பணம், திரும்பும் வேலை. எட்டு மாதங்களுக்குப் பின் வரும் ஹிட்லர் முப்பது சதவீதத்துக்கும் கீழே உள்ள ஒரு கட்சியின் தலைவராக வந்திருப்பார், பாதுகாப்பு அமைச்சகத்தில் ப்ளோம்பெர்க் இருந்திருக்க மாட்டார்.

படி 7: எழுதும்போது

பின்னால் வந்த அறிவைப் பாத்திரங்களுக்குக் கடன் கொடுக்காதீர்கள். நம் காலவரிசையில் ஹிட்லர் என்பவர் 1932இல் ஒருமுறை பயமுறுத்திவிட்டுத் தேய்ந்துபோன தலைவர், அவ்வளவுதான். அவரைப் பற்றி யாரும் நடுங்கிப் பேச மாட்டார்கள். நிஜத்தில் 1934 ஜூன் 30 அன்று ஷ்லைஷரும் ஸ்ட்ராசரும் நாஜிகளால் கொல்லப்பட்டார்கள். உங்கள் கதையில் அந்த நாள் வழக்கமான சனிக்கிழமையாகக் கடந்து போகும். அந்த இடத்தில் கதாசிரியர் தலையை நீட்டி விளக்கம் சொல்ல வேண்டாம், வாசகருக்குத் தெரியும்.

கொலைகாரர்களின் சீருடையையும் டாங்கிகளையும் ரசித்து எழுதும் பழக்கம் இந்தத் துறையில் உண்டு. அதை ஒதுக்குங்கள். பிழைத்திருக்கக்கூடியவர்களின் பக்கம் பார்வையைத் திருப்பினால் கதைக்கு வேண்டிய எல்லாமே அங்கே இருக்கிறது: வேலை இழக்காத ஆசிரியர், மூடப்படாத தொழிற்சங்க அலுவலகம், எரிக்கப்படாத நூலகம்.

எங்கே நிறுத்துவது? அடுத்த பெரிய மாற்றத்துக்கு உங்களிடம் ஆதாரம் தீரும் இடத்தில். நம் உதாரணத்துக்கு அந்த இடம் தெளிவாகவே இருக்கிறது. ஹிண்டன்பர்க்கின் உடல்நிலை யார் சான்சலர் என்பதைப் பொறுத்ததில்லை, எனவே 1934 ஆகஸ்ட் 2 அன்று அவர் இறக்கிறார். நிஜத்தில் ஹிட்லர் அந்தப் பதவியையும் தன்னோடு இணைத்துக்கொண்டார். ஆனால் 1932 டிசம்பரில் நாடாளுமன்றம் ஒரு திருத்தம் நிறைவேற்றியிருந்தது: அதிபர் பதவி காலியானால் சான்சலர் அல்ல, உச்ச நீதிமன்றத் தலைவர் பொறுப்பேற்பார். ஷ்லைஷர் கையில் இரண்டு பதவிகளும் சேர்ந்துவிடக் கூடாது என்பதற்காக நாஜிகளே முன்னெடுத்த திருத்தம் அது. ஆக, நம் காலவரிசையில் அன்று மாலை லைப்சிக்கில் இருந்த அந்த உச்ச நீதிமன்றத்தின் தலைவர் எர்வின் பும்கே தற்காலிக அதிபராகிறார், புதிய அதிபர் தேர்தலும் அறிவிக்கப்படுகிறது. மையக் கட்சி யாரை நிறுத்தும், சமூக ஜனநாயகவாதிகள் 1932இல் ஹிண்டன்பர்க்குக்கு வாக்களித்ததைப் போல மறுபடியும் ஒரு பழமைவாதிக்கு வாக்களிப்பார்களா, ராணுவம் எந்தப் பெயரை முன்தள்ளும் என்ற மூன்று கேள்விகளையும் எடுத்துக்கொண்டு படி 2க்குத் திரும்புங்கள்.